கல்லிடைக்குறிச்சியும் பிரெஞ்சுப் படிப்பும்

கல்லிடைக்குறிச்சி என்றதும் நம் இல்லத்தரசிகளுக்கு அப்பளம் ஞாபகம் வரும். சங்கீத ரஸிகர்களுக்கு முத்துஸ்வாமி தீக்ஷிதர் பாடிய லக்ஷ்மீவராஹர் சந்நிதி ஞாபகம் வரும். பிள்ளைகளைப் பிரான்ஸ் தேசத்துக்குப் படிக்க அனுப்ப நினைக்கும் பெற்றோருக்கும் இவ்வூரில் அறியத்தக்க விஷயம் ஒன்று உண்டு.

திருநெல்வேலியிலிருந்து செங்கோட்டை ரயிலில் வந்து இறங்கினால், மேற்கே பொதிகை மலைத் தொடர். தாமிரபருணிக்கு அக்கரையில் அம்பாசமுத்திரம். கன்னடியன் கால்வாய் பாயும் பசிய வயல்கள். நீண்ட அக்கிரகாரத் தெருக்கள். சரித்திரப் பேராசிரியர் கே. ஏ. நீலகண்ட சாஸ்திரியார் 1892-ஆம் வருஷம் பிறந்தது இங்கேதான். அவர் பெயரின் முதலெழுத்தே இவ்வூரைக் குறிப்பதாகும்.

சாஸ்திரியார் பாரிஸில் பட்டம் பெற்றவரல்லர். அவர் படித்தது திருநெல்வேலி ஹிந்துக் கல்லூரியிலும் சென்னைக் கிறிஸ்துவக் கல்லூரியிலும். ஆயினும் பிரெஞ்சு அறிஞர்களின் ஆராய்ச்சி அவருக்கு இன்றியமையாததாயிற்று. ஏன்?

ராஜேந்திர சோழன் கடல் கடந்து கடாரம் கொண்ட செய்தியைத் தஞ்சைப் பெரிய கோயில் சாசனம் கூறுகிறது. அதில் வரும் ஸ்ரீவிஜயம், சுமாத்ராவில் பலெம்பாங் நகரை நடுவாகக் கொண்ட பேரரசு என்று 1918-இல் விளக்கியவர் ஜார்ஜ் ஸெதேஸ் என்ற பிரெஞ்சு அறிஞர். அக்கட்டுரை ஹனாய் நகரிலிருந்த பிரெஞ்சு ஆராய்ச்சிப் பள்ளியின் வெளியீட்டில், பிரெஞ்சு பாஷையில் வந்தது. நம் முன்னோர் சென்ற வழியை அறிய அயலார் பாஷையின் கதவைத் தட்ட வேண்டியிருந்தது!

அதை எண்ணி வருந்தி உட்கார்ந்துவிடவில்லை சாஸ்திரியார். 1935-இல் அவருடைய சோழர் சரித்திரத்தின் முதற்பாகம் வெளிவந்தது. அதே வருஷத்தில், சம்பா நாட்டு எழுத்தின் தோற்றம் பற்றிய அவர் கட்டுரை அந்த ஹனாய் வெளியீட்டிலேயே பிரெஞ்சில் பிரசுரமாயிற்று. 1940-இல் ஸ்ரீவிஜயம் பற்றியும் அதே இடத்தில் எழுதினார். பிறர் நூலைப் படித்தவர், அவர்களுடைய சபையிலேயே சமமாக அமர்ந்து பேசினார்.

இன்று நம் பிள்ளைகள் பிரான்ஸுக்குப் புறப்படுகையில் கம்பளிச் சட்டையும் ஊறுகாயும் மறவாமல் கட்டித் தருகிறோம். அத்தேசத்துப் பொதுச் சர்வகலாசாலைகளிலோ இளநிலை வகுப்புகளில் பெரும்பாலும் பிரெஞ்சிலேயே போதிக்கிறார்கள். ஆகவே பாஷைப் பயிற்சியை ஊரிலேயே தொடங்கிவிடுவது நலம். கடல் கடக்க இயலாதவர்களும் மனந்தளர வேண்டாம். 1955-இல் நிறுவிய பிரெஞ்சு ஆராய்ச்சி நிலையம் புதுச்சேரியிலேயே இருக்கிறது. அங்கே நம் நாட்டுச் சுவடிகளும் காத்திருக்கின்றன.