வண்டி மூடிக் கிடந்த ஜூன்

ஜூன் 3, செவ்வாய்

பள்ளி திறந்த வாரமாகப் பார்த்தா இஸ்திரிக்கார அண்ணன் வண்டியை மூட வேண்டும்? புங்கமரத்தடியில் தார்ப்பாய் போர்த்திக் கிடக்கிறது. வலது தோளைத் தூக்கவே முடியவில்லையாம். கரிப்பெட்டி ஆறேழு கிலோ இருக்கும். இத்தனை வருஷமாக அதை இழுத்த தோள். "வேற ஆளப் பாத்துக்குங்க டீச்சர்" என்று மூட்டையை அப்படியே திருப்பிக் கொடுத்தார் அவர் வீட்டம்மா. வீட்டிலிருக்கும் 750 வாட்ஸ் பெட்டி கைக்குட்டைக்குத்தான் லாயக்கு. செட்டிநாட்டுச் சேலைமேல் அது போய்வந்ததே தெரியவில்லை.

ஜூன் 5, வியாழன்

பாலியெஸ்டர். வேர்த்துக் கொட்டுகிறது.

ஜூன் 7, சனி

நீராவிப் பெட்டி பார்க்கப் போனேன். கடைப் பையன் எண்களாகவே பேசுகிறான். நிமிஷத்துக்கு 20 கிராம் ஆவி, 30 கிராம் ஆவி, 1250 வாட்ஸ், 2000 வாட்ஸ். ஆனால் தேய்த்துக் காட்ட அவன் எடுத்ததோ ஒரு பாலியெஸ்டர் துண்டு. அது தேய்க்காமலேயே நன்றாகத்தான் இருந்தது. கைப்பையில் கசக்கி வைத்திருந்த பருத்தி ரவிக்கையை நீட்டினேன். சிரித்துக்கொண்டே வாங்கினான். ஒரு பெட்டி வழுக்கிக்கொண்டு போயிற்று, சுருக்கம் போகவில்லை. இன்னொன்று ரவிக்கையை நனைத்தது. "சூடு ஏறல மேடம்."

அது நிஜம்தான். தொட்டித் தண்ணீர் சொட்டுச் சொட்டாக அடித்தட்டுக்குள் விழுந்து அங்கேதான் ஆவியாகிறது. தட்டு காயவில்லை என்றால் தண்ணீராகவே வெளியே வரும். சூட்டுத் திருகில் ஒரு புள்ளி என்பது சுமார் 110 டிகிரி, அதில் ஆவியைத் திறக்கக் கூடாது. பருத்திக்கு மூன்று புள்ளி, 200 டிகிரி வரை. சூடு குறைந்தால் தானே தண்ணீரை அடைத்துக்கொள்ளும் பெட்டியும் இருக்கிறது, விலைதான் கூட. வாங்காமல் வந்துவிட்டேன்.

ஜூன் 9, திங்கள்

சாப்பாட்டு வேளையில் இயற்பியல் டீச்சர் கணக்குப் போட்டுக் காட்டினாள். 2000ஐ 230ஆல் வகுத்தால் 8.7 ஆம்பியர். எங்கள் படுக்கையறை பிளக் 6 ஆம்பியர்தான் தாங்கும். பெரிய பிளக் இருப்பது சமையலறையில். அப்படியானால் தாளிப்பு வாசனையோடுதான் ஸ்டாஃப் ரூமுக்குள் நுழைய வேண்டும். 1250 வாட்ஸ் என்றால் 5.4. "எக்ஸ்டென்ஷன் போர்டை மட்டும் தொடாதே" என்றாள்.

ஜூன் 12, வியாழன்

போர்த் தண்ணீர் காய்ச்சும் பாத்திரத்தின் அடியை நகத்தால் சுரண்டிப் பார்த்தேன். வெள்ளைச் சுண்ணாம்பு, ஓடு ஓடாகப் பெயர்கிறது. ஆவித் துளைகளையும் இதுதான் அடைக்கும். ஒருநாள் பழுப்பாகத் துப்பும். மாதம் ஒருமுறையாவது தொட்டியை நிரப்பி, உச்சச் சூடு வைத்து, பிளக்கைப் பிடுங்கி, தொட்டிமுற்றத்தில் பிடித்து ஆட்டிக் கழுவ வேண்டுமாம். அதற்கென்றே ஒரு பொத்தான் உள்ளதைத்தான் வாங்க வேண்டும். போர்த் தண்ணீரே வேண்டாம், கேன் தண்ணீர் ஊற்றுவோம் என்றேன். "நாம குடிக்கற தண்ணியையா?" என்றார் அத்தை. பதில் சொல்லாமல் எழுந்து வந்துவிட்டேன். காரணம் இல்லாமல் எல்லார்மேலும் எரிச்சல்.

ஜூன் 15, ஞாயிறு

அண்ணன் வீட்டுக்குப் போனேன், மே மாதப் பாக்கியைக் கொடுக்க. மூலையில் அரசாங்கம் கொடுத்த விலையில்லாப் பித்தளைப் பெட்டி, புளி போட்டுத் துலக்கியது. கட்டிலில் உட்கார்ந்தபடியே என் ஆராய்ச்சி முழுவதையும் கேட்டார்.

"கனம் இல்லாத பொட்டிக்குத்தான் டீச்சர் ஆவி வேணும். நம்ம பொட்டி தானா அமுக்கும், நான் தண்ணி தெளிச்சாப் போதும். நீங்க காய விட்டுடாதீங்க. கொடியில இருந்து ஈரப்பதமா எடுங்க. லேசு துணிய முதல்ல முடிச்சிருங்க, பருத்தி கடைசி. கஞ்சி போட்டதுக்கு உள்பக்கம், இல்லன்னா தட்டுல ஒட்டிக் கருகும்."

பள்ளியில் இருபது பேருக்கு எழுதி ஒட்டலாம் போலிருந்தது. பிறகு சட்டென்று கேட்டார்: "அந்தக் கரண்ட் பொட்டி எவ்ளோ கனம் இருக்கும்?"

ஒன்றேகால், ஒன்றரைக் கிலோ என்றேன்.

இடது கையால் தோளைப் பிடித்துக்கொண்டு, வலது கையைப் பாயின் மேல் முன்னும் பின்னுமாக இழுத்துப் பார்த்தார். வீட்டம்மா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தார். அதற்குமேல் யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை. காபி கொடுத்தார்கள்.

ஜூன் 16, திங்கள்

எங்கள் குடியிருப்பின் வாட்ச்மேன் அறைக்கு வெளியே ஒரு 16 ஆம்பியர் பிளக் இருக்கிறது. இத்தனை நாள் என் கண்ணில் பட்டதில்லை.

ஜூன் 19, வியாழன்

குடியிருப்புச் சங்கச் செயலாளர்: "வியாபாரத்துக்குக் கரண்ட்டுன்னா மீட்டர் தனியா வேணுமே மேடம். கூட்டத்துல வைப்போம்." கூட்டம் எப்போது என்று அவருக்கே தெரியவில்லை.

ஜூன் 21, சனி

தெருமுனைத் தையல்காரர் கடையில் தண்ணீர் பாட்டில் தலைக்கு மேலே தொங்குகிறது, அதிலிருந்து குழாய் வழியாகப் பெட்டிக்கு இறங்குகிறது. நாள் முழுக்க ஓடுமாம். தூக்கிப் பார்த்தேன், வீட்டுப் பெட்டியைவிடக் கனம்தான். அண்ணனால் முடியுமா?

ஜூன் 28, சனி

மறுபடியும் அதே கடை, அதே பையன். என்னைப் பார்த்ததும் ரவிக்கைக்குக் கை நீட்டினான். அட்டைப்பெட்டிகளைத் திருப்பித் திருப்பிப் படித்தேன். ஐஎஸ்ஐ முத்திரை, இரண்டு வருஷ உத்தரவாதம், கீழே பொடி எழுத்தில் 'வீட்டு உபயோகத்துக்கு மட்டும்'.

"தினம் எட்டு மணி நேரம் தேய்ச்சாத் தாங்குமாப்பா?"

"மேடம், வீட்ல மொத்தம் எத்தனை பேரு?"