பாலத்துக்கு அந்தப் பக்கம்

சட்டப் புத்தகத்தை யாரும் இலக்கியமாகப் படிப்பதில்லை. ஆனால், ஒரு சட்டத்தின் ஒரேயொரு பிரிவு இலட்சக்கணக்கானோரின் பாதையையும் தெருவிளக்கையும் தீர்மானித்துவிடுமானால், எழுத்தோடு உறவுள்ள நாம் அதைப் படித்துத்தான் ஆகவேண்டும். 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டத்தின் 33ஆம் பிரிவு அத்தகையது.

பிரதேச சபைகள் 1988இல் இயங்கத் தொடங்கின. 1991இல் அவற்றுக்கு முதல் தேர்தல் நடந்தது. சபை தன் நிதியில் செய்யக்கூடிய பணிகள் தோட்டக் குடியிருப்புகளுக்குப் பொருந்தாது என்றே அந்தப் பிரிவு முப்பது ஆண்டுகளாக வாசிக்கப்பட்டு வந்தது. கிராமம் என்றால் மக்கள் வாழுமிடம். தோட்டம் என்றால் ஒரு நிருவாகத்தின் சொத்து. சொத்துக்குள் பொதுப்பணம் போகக்கூடாது என்பதே அதற்குச் சொல்லப்பட்ட நியாயம். இத்தனைக்கும் பெருந்தோட்டக் காணிகள் 1970களிலேயே அரசுடைமையாகிவிட்டன. கம்பனிகளிடம் அவை போனது 1992இல், அதுவும் குத்தகையாகத்தான். காணி அரசினுடையது, அதில் வாழ்பவர் நாட்டின் பிரஜை, அவர் நடக்கும் பாதை மட்டும் தனியாருடையது!

எங்களுடையது பதுளை மாவட்டத்தில் ஒரு சின்ன பஸார். பாலத்துக்கு இந்தப் பக்கம் வாப்பாவின் கடை, அந்தப் பக்கம் தோட்டம். கொழுந்து நிறுத்துவிட்டு மாலையில் இறங்கி வருபவர்களின் கணக்குத்தான் வாப்பாவின் கடன் கொப்பியில் பாதிக்கு மேல் இருக்கும். இரு பக்கத்தாரும் ஒரே சபைக்குத்தான் வாக்களித்தோம். ஆனால் சபையின் தார் பாலத்தோடு முடிந்தது. சபையின் கடைசி விளக்கும் பாலத்தடியிலேயே நின்றது.

எழுத்து ஓரளவு வரும் என்பதால் மனு எழுதும் வேலை என்னிடம் வந்து சேர்ந்தது. 1990களின் நடுப்பகுதியில் ஒரு நாள் லயத்துத் தலைவர் ஒருவர் கடைக்கு வந்தார்.

“தம்பி, பாலத்துலேருந்து லயம் அரை மைலு. மழை பேஞ்சா ஒரு வண்டி ஏறாது. புள்ளத்தாச்சிய கம்பளியில கட்டித் தூக்கிட்டு வர்றோம். சபைக்கு ஒரு கடுதாசி எழுதிக் குடுங்க” என்றார்.

எழுதினேன். இரண்டு வரியில் பதில் வந்தது: அந்தப் பாதை தோட்டத்துக்குரியது, சபையால் செய்ய இயலாது. தோட்டக் காரியாலயத்துக்குப் போனோம். அங்கே, ஆட்கள் நடக்கும் பாதைக்குத் தம்மிடம் ஒதுக்கீடு இல்லை, சபையிடம் கேளுங்கள் என்றார்கள். இரண்டு கடிதங்களையும் பார்த்த வாப்பா சொன்னார்: “வோட்டுக் கேக்க வார நேரம் அது ரோட்டு. போட்டுத் தாங்கன்டு சென்னா அது தோட்டம்.”

அந்த வாக்கும் எளிதில் வந்ததல்ல. 1930களின் இறுதியில் கிராமச் சங்கச் சட்டம் திருத்தப்பட்டபோது லயத்துத் தொழிலாளருக்கு அதில் வாக்கு மறுக்கப்பட்டது. 1948இல் பிரஜாவுரிமையும், அடுத்த ஆண்டு பாராளுமன்ற வாக்கும் பறிபோயின. 1964ஆம் ஆண்டு சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் குடும்பங்களை இரண்டாகப் பிரித்தது. எஞ்சியோரின் பிரஜாவுரிமைப் பிரச்சினை 1988, 2003ஆம் ஆண்டுச் சட்டங்களோடுதான் தீர்வுக்கு வந்தது. இவ்வளவும் கடந்து வாக்காளரானவரிடம், நீங்கள் வாக்காளர்தான், ஆனால் எங்கள் ஊரார் அல்லர் என்று 33ஆம் பிரிவு சொல்லிக்கொண்டிருந்தது.

பொறுப்பு யாருடையது என்று தெளிவில்லாத இடத்தில் உயிரும் மலிவாகிவிடும். 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்கள் மண்ணுக்குள் போயின. அந்த இடம் ஆபத்தானது என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் பல ஆண்டுகளுக்கு முன்பே எச்சரித்திருந்தது. ஆயினும் மண் சரிந்த காலையிலும் மக்கள் அதே லயங்களில்தான் இருந்தார்கள்.

2018இல் சட்டம் திருத்தப்பட்டது. தோட்டங்களிலும் பிரதேச சபை பணி செய்ய வழி திறந்தது. மலையகக் கட்சிகளும் சிவில் அமைப்புகளும் நீண்டகாலம் கேட்டுவந்த திருத்தம் அது. இம்முறை தலைவரின் மகன் வந்தார். புதிய பிரிவைக் குறிப்பிட்டு மனு எழுதினேன். “இயலாது” என்று பதில் வரவில்லை. “தோட்ட நிருவாகத்தின் கடிதத்தைக் கொண்டு வாருங்கள்” என்று வந்தது. அதைப் பெற ஏறக்குறைய ஒரு வருடமாயிற்று. பிறகு கோயிலடி வரை கொங்கிரீட் போட்டார்கள். அதற்கு மேலே இன்றும் சேறுதான்.

ஆக, ஒரு பிரிவைத் திருத்தியதோடு வேலை முடிந்துவிடவில்லை. சபையின் வருடாந்த வரவு செலவுத் திட்டத்திலும், வீதிப் பட்டியலிலும், உபவிதிகளிலும் அந்தத் திருத்தம் இறங்கவேண்டும். அங்கேதான் பழைய வாசிப்பு இன்னும் உயிரோடிருக்கிறது. “லயத்தார் சோலைவரி கட்டுவதில்லையே” என்று நம் பஸார்காரர்கள் சிலரே சொல்லக் கேட்டிருக்கிறேன். பயிர்செய்த காணிக்கு ஏக்கர் வரி அறவிடும் அதிகாரம் அதே சட்டத்தில் முன்பிருந்தே உண்டு என்பதை அவர்கள் அறியார்கள். வரி அறவிடத் தோட்டத்துக்குள் போகலாம், கொங்கிரீட் மட்டும் போகக்கூடாது என்பது என்ன கணக்கு?

2023 மார்ச்சில் சபைகளின் காலம் முடிந்தது. தேர்தல் தள்ளிப்போனது அடிப்படை உரிமை மீறல் என 2024இல் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2025 மே 6ஆம் திகதிதான் வாக்களித்தோம். இரண்டு வருடங்களுக்கு மேல் மனுக் கொடுக்கக்கூட உறுப்பினர் இல்லாதிருந்தோம். இப்போது சபைகள் கூடுகின்றன. அவை முதலில் செய்யவேண்டியது, தத்தம் எல்லைக்குள் உள்ள தோட்டப் பாதைகளைப் பெயர் பெயராக எழுதிச் சபைத் தீர்மானமாக்குவதுதான். பெயர் எழுதப்படாத பாதைக்கு எந்த வருடமும் ஒதுக்கீடு வராது.

நம்மவர்க்கும் இதில் ஒரு பங்குண்டு. பதுளை, பசறை, லுணுகலை, ஹாலி-எல பஸார்களில் நம் கடைகளைத் தலைமுறைகளாக வாழவைத்தவர்களில் அந்த லயத்து மக்களும் உண்டு. வர்த்தக சங்கங்களும் பள்ளிவாசல் நம்பிக்கையாளர் சபைகளும் தம் வீதிக்காக மனுக் கொடுக்கத் தவறுவதில்லை. அடுத்த மனுவில் பாலத்துக்கு அந்தப் பக்கத்துப் பாதையையும் சேர்த்தெழுதி, இந்தப் பக்கத்துக் கையெழுத்துகளையும் அதன் கீழே இடுவோம்.