இருவர் கட்டிய படகு

1839ஆம் ஆண்டின் இளவேனிற்காலம். அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில், கான்கார்டு என்னும் சிற்றூரில், உடன்பிறந்தார் இருவர் படகு ஒன்றைக் கட்டிக்கொண்டிருந்தனர். மூத்தவர் ஜான் தோரோ. இளையவர் ஹென்றி டேவிட் தோரோ. பிற்காலத்தில் ஹென்றி எழுதிய சட்டமறுப்புக் கட்டுரை காந்தியடிகளின் சிந்தனைக்கு உரமூட்டியதைப் பலரும் அறிவர். அன்றோ அவர் உலகம் அறியாத இளைஞர்; அண்ணனுடன் சேர்ந்து ஊரில் பள்ளி நடத்திவந்த ஆசிரியர். மாணவரை வகுப்பறைக்குள்ளேயே இருத்திவைக்காமல் காட்டுக்கும் ஆற்றங்கரைக்கும் அழைத்துச் சென்று கற்பித்தவர்கள் அவ்விருவரும்.

ஊரை ஒட்டி அமைதியாக ஓடும் கான்கார்டு ஆற்றில் இறங்கி, மெர்ரிமாக் என்னும் பேராற்றை அடைந்து, அதன் நீரோட்டத்தை எதிர்த்து மேலேறி, வடக்கே உள்ள வெண்மலைகளைக் கண்டு திரும்ப வேண்டும். இதுவே அவர்களது திட்டம். அதற்கான படகை விலைகொடுத்து வாங்க அவர்கள் எண்ணவில்லை. ஒரு வார உழைப்பில் தாங்களே கட்டினர். 15 அடி நீளம். அகன்ற இடத்தில் மூன்றரை அடி அகலம். அடிப்பகுதிக்குப் பச்சையும் விளிம்புக்கு நீலமும் தீட்டினர். நீரும் வானும் அதில் ஒருங்கே அமைந்தன. அவ்வாற்றுக்குத் தொல்குடியினர் வழங்கிய 'மஸ்கெடாக்விட்' என்னும் பெயரையே படகுக்கும் சூட்டினர். புல்வெளி ஆறு என்பது அதன் பொருள்.

ஆறு வழியில் என்னென்ன கேட்கும் என்பதை முன்னரே எண்ணிப் பார்த்துச் செய்த ஏற்பாடுகள் அப்படகில் இருந்தன. நீர் ஆழமாயின் துடுப்புகள். ஆழம் குறைந்தால் ஊன்றித் தள்ள மெல்லிய கழிகள். அருவி குறுக்கிட்டால் படகைக் கரைவழியே உருட்டிச் செல்லச் சக்கரங்கள். பாய்மரம் இரண்டு, அவற்றுள் ஒன்று இரவில் கூடாரத்தைத் தாங்கும் கம்பமாகும். பருத்தித் துணி கூரையாகும், எருமைத்தோல் படுக்கையாகும். தங்கள் தோட்டத்தில் விளைந்த உருளைக்கிழங்கையும் முலாம்பழத்தையும் ஏற்றிக்கொண்டனர். தேவையான எதையும் விட்டுவிடாமலும் தேவையற்ற எதையும் சுமக்காமலும் புறப்படுவது அரிய கலை. அக்கலை அவர்களுக்குக் கைவந்திருந்தது.

ஆகஸ்டு 31, சனிக்கிழமை, படகு நீரில் இறங்கியது. முதல் நாள் இரவு, ஆற்றுநீரில் காய்ச்சிய கோகோவும் ரொட்டியும் சர்க்கரையுமே உணவு.

ஹென்றி அவ்வாற்றின் மீன்களை ஒவ்வொன்றாக அறிந்தவர். தூண்டிலுடன் கரையில் அமர்ந்திருந்த முதியவர் ஒருவரைத் தம் இளமையில் கண்டவர். அம்முதியவர் மீன்பிடித்த தோற்றம் வழிபாட்டில் அமர்ந்தவரின் தோற்றமாகவே அவர் நினைவில் பதிந்திருந்தது. ஆயினும் முன்னாளில் அங்குப் பெருந்திரளாக வந்த சில மீன்கள் இப்போது வருவதில்லை. சால்மனும், நம் கடலோர மக்கள் உல்லம் என்று அழைக்கும் மீனுக்கு உறவான ஷாடும் கடலிலிருந்து ஆறேறி வந்து முட்டையிடுபவை. பில்லரிக்காவில் எழுந்த அணையும் கால்வாயும், லோவெலில் எழுந்த ஆலைகளும் அவற்றின் வழியை அடைத்துவிட்டன. அணையின் முன்னே வந்து நிற்கும் மீனுக்கு முறையிட வாயில்லை. அதன் பொருட்டு ஹென்றி தம் எழுத்தில் வழக்காடினார். அவ்வணையின் மேல் கடப்பாரையை ஓங்கினால் என்ன என்று எண்ணும் அளவுக்கு அவர் நெஞ்சு கொதித்தது.

ஹூக்செட் என்னும் ஊரில் படகை நிறுத்திவிட்டு, எஞ்சிய தொலைவைத் தரைவழியே கடந்து, வாஷிங்டன் மலையின் உச்சியை இருவரும் அடைந்தனர். மீண்டும் படகேறி, கடைசி நாளில் மட்டும் ஏறத்தாழ 50 மைல் கடந்து, செப்டம்பர் 13 அன்று வீடு திரும்பினர். 14 நாளில் பயணம் நிறைவுற்றது.

அதன்பின் அவ்விருவர்க்கும் அத்தகைய பயணம் வாய்க்கவில்லை. 1842ஆம் ஆண்டு சனவரியில் ஜானின் விரலில் சவரக்கத்தி பட்டுச் சிறு காயம் ஏற்பட்டது. அது ரணஜன்னியாக முற்றியது. சில நாள்களில் தம்பியின் கைகளிலேயே அவர் உயிர்நீத்தார். அவ்வாண்டிலேயே எழுத்தாளர் நத்தானியேல் ஹாதார்னுக்கு ஏழு டாலருக்குப் படகு விற்கப்பட்டது.

அண்ணனும் இல்லை, படகும் இல்லை. நினைவு மட்டும் எஞ்சியது. 1845இல் வால்டன் குளக்கரையில் குடில் அமைத்து ஹென்றி தனித்து வாழச் சென்றதன் நோக்கங்களுள் ஒன்று, அப்பயணத்தை நூலாக எழுதுவது. இரண்டு வாரப் பயணத்தை ஒரு வாரமாகச் சுருக்கி எழுதிய அந்நூல் 1849இல் வெளிவந்தது. அச்சிட்ட 1000 படிகளுள் விற்காத 706 படிகள் நான்கு ஆண்டுகளுக்குப் பின் அவர் வீட்டுக்கே திரும்பின. அவற்றைத் தம் முதுகில் சுமந்து மாடியில் அடுக்கிவைத்தார். ஏறத்தாழ 900 நூல்கள் கொண்ட தம் நூலகத்தில் 700க்கு மேற்பட்டவை தாமே எழுதியவை என்று நாட்குறிப்பில் நகைச்சுவையுடன் குறித்துவைத்தார்.

காலம் வேறு தீர்ப்பு வழங்கியது. எழில்மிகு ஆறுகளைக் காக்க அமெரிக்கா 1968இல் ஒரு சட்டம் இயற்றியது. கான்கார்டு ஆறும் அதனோடு இணையும் இரு துணையாறுகளும் சேர்ந்த 29 மைல் நீளப் பகுதி, 1999இல் அச்சட்டத்தின் காப்பைப் பெற்றது. இயற்கை அழகோடு, அவ்வாற்றங்கரையில் பிறந்த இலக்கியமும் அதற்குரிய சிறப்புகளுள் ஒன்றாக ஏற்கப்பட்டது.

அந்நூலில் ஜானின் பெயரைத் தேடுவோர்க்கு அது கிடைப்பதில்லை. துடுப்புப் போட்டதும், கூடாரம் அடித்ததும், கரையேறியதும் 'நாங்கள்' என்றே ஹென்றி எழுதிச் செல்கிறார். அந்த ஒரு சொல்லுக்குள் அண்ணன் இன்றும் தம்பியுடன் படகில் அமர்ந்திருக்கிறார்.