என்னத்தப் புடுங்கினே?

ரோஜாவுக்கு எரு வைக்கிறோம். மல்லிகைக்குப் பந்தல் போடுகிறோம். செம்பருத்தியில் மாவுப்பூச்சி வந்தால் வேப்பெண்ணெயும் சோப்புத் தண்ணியுமாக ராப்பகலாகப் பணிவிடை செய்கிறோம். அதுகளோ, விடலாமா வேண்டாமா என்று யோசித்து யோசித்து வாரத்துக்கு ஒரு மொட்டு விடும். இந்தக் கோரைப்புல் இருக்கிறதே... அதை யாராவது 'வா' என்று கூப்பிட்டதுண்டா? பத்திரிகை வைக்காத பங்காளி மாதிரி, முதல் பந்தியிலேயே இலை போட்டு உட்கார்ந்திருக்கும்!

தேனியில் எங்கள் வாடகை வீட்டு வாசலில் பத்தடிக்கு ஆறடி பாத்தி ஒன்று உண்டு. ஆபீஸ் போகிறவனுக்கு அதுவே எஸ்டேட். ஜூன் பிறந்தால் மேற்கு மலையைத் தாண்டிச் சாரலும் காத்தும் சேர்ந்து வரும். கொடியில் காயப்போட்ட வேட்டி ஆண்டிபட்டிக் காற்றாலை வரைக்கும் போய்விடுமோ என்று பயமாக இருக்கும். வேட்டி போகிறதோ இல்லையோ, களை விதை கட்டாயம் வந்துவிடும். இரண்டு சாரல், பத்தே நாள். அப்புறம் எங்கள் ரோஜா எந்தப் பக்கம் இருக்கிறது என்று விலாசம் விசாரிக்க வேண்டியதுதான்.

நம் ஊரில் ஒருத்தன் வேலையே செய்யவில்லை என்று திட்டுவதற்கு ஒரு வாக்கியம் வைத்திருக்கிறோம். 'என்னத்தப் புடுங்கினே?' ஆபீஸ் மேனேஜர்கள் நாகரிகமானவர்கள். இதை வாயால் சொல்ல மாட்டார்கள், கண்ணாலேயே சொல்லிவிடுவார்கள். இந்த வசவைக் கண்டுபிடித்த ஆசாமி வாழ்க்கையில் ஒரு நாள்கூடக் களை பிடுங்கியிருக்க மாட்டான் என்பது என் திடமான அபிப்பிராயம். பிடுங்குவது ஒரு உத்தியோகம் ஸார்! அதிலும் சர்வீஸ் உண்டு, சீனியாரிட்டி உண்டு, ஸ்பெஷலிஸ்ட் உண்டு. பி.எஃப்., பென்ஷன்தான் கிடையாது.

எங்கள் பாத்திக்கு வருகிற அக்கா வீரபாண்டிப் பக்கம். வயது ஐம்பதைத் தாண்டும். பத்து வயதில் அம்மாவோடு வயலில் இறங்கியவர் என்றால் சர்வீஸை நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். புடவைக்கு மேலே வீட்டுக்காரரின் பழைய முழுக்கைச் சட்டை, தலையில் துண்டு, வயர் கூடையில் ஒரு களைக்கொத்தி, ஒரு தூக்குச்சட்டி. அவ்வளவுதான் ஆபீஸ்.

முதல் தடவை போன் போட்டபோதே எனக்கு வேலை கொடுத்துவிட்டார்.

"நாளைக்குக் காலையில வாரேன் தம்பி. இன்னிக்கு ராவுக்குப் பாத்திக்கு நல்லாத் தண்ணி விட்டு வைங்க."

"களைக்கு எதுக்குக்கா தண்ணி?"

"காஞ்ச மண்ணுல இழுத்தா இலை நம்ம கைக்கு வரும். வேரு அங்கனக்குள்ளயே சிரிச்சுக்கிட்டு உக்காந்திருக்கும்."

அவர் சிரிப்பு என்றது கோரையைத்தான். மேலே பார்க்க நாலு இலை. கீழே கிழங்கு, அந்தக் கிழங்கிலிருந்து நரம்பு மாதிரி ஒரு வேர், அதன் நுனியில் இன்னொரு கிழங்கு என்று ரயில் பெட்டி கோத்த மாதிரி போய்க்கொண்டே இருக்கும். இலையைப் பிய்த்தால் கிழங்குக்கு முடி வெட்டிவிட்ட மாதிரி. நாலே நாளில் புதுக் கிராப்போடு வந்து நிற்கும். 1977-ல் ஹோம் என்கிற அமெரிக்கரும் அவருடைய சகாக்களும் உலகத்துக் களைகளையெல்லாம் ஆராய்ந்து புத்தகம் போட்டார்கள். அதில் மகா மோசமான களை என்று முதல் ராங்க் வாங்கியது நம் வாசல் கோரைதான்!

அக்கா கோரையை இழுக்கவில்லை. பக்கத்தில் கொத்தியைச் செருகி, மண்ணை ஒரு நெம்பு நெம்பி, கிழங்கு வரிசையைத் தொடர்ந்து விரலை விட்டுத் துழாவி, பெட்டி பெட்டியாக வெளியே எடுத்தார். இதை அள்ளி மூலையில் போட்டுவிட்டால் போதும் என்று நினைக்காதீர்கள். ஈரம் பட்டால் அங்கேயே துளிர்க்கும். சிமென்ட் தரையில் போட்டுச் சுருங்குகிற வரைக்கும் வெயிலில் காய வைக்கச் சொன்னார்.

என் மச்சினனுக்கு இதெல்லாம் ஆச்சரியமாக இல்லை. செடியைப் படம் பிடித்தால் பேர் சொல்லும் ஆப் ஒன்றை போனில் வைத்திருக்கிறான். "சைப்பரஸ் ரொட்டண்டஸ்" என்று ஜாதகம் வாசித்தான். அடுத்த செடி, "ட்ரயாந்தீமா போர்ட்டுலகாஸ்ட்ரம்". அக்கா அதைப் பார்த்தார். "சாரணைய்யா இது. இளசாப் பறிச்சாப் பருப்புல போடலாம்" என்று சொல்லித் தன் கூடையில் போட்டுக்கொண்டார். ஆப் பேர் சொல்லும். மத்தியானச் சாப்பாடு சொல்லுமா?

ஒரு மணி நேரத்தில் திண்ணையோரம் மூன்று குவியல். ஒன்று சமையலுக்கு: சாரணை, குப்பைக்கீரை, கொஞ்சம் பண்ணைக்கீரை. இரண்டாவது ஆட்டுக்கு: அருகம்புல்லும் மற்ற புல்லும். மூன்றாவது குவியலை மட்டும் கையில் பாலிதீன் கவரை மாட்டிக்கொண்டு பிடுங்கினார். பார்த்தீனியம்!

இந்த ஆசாமி வெளிநாட்டுக்காரர். 1950-களில் புனே பக்கம் கண்ணில் பட்டார். இறக்குமதிக் கோதுமையோடு டிக்கெட் எடுக்காமல் வந்தவர் என்று பரவலாகச் சொல்வார்கள். தோலில் பட்டால் சிலருக்கு அரிப்பு, தடிப்பு. பூந்தூள் மூக்கில் ஏறினால் தும்மல், இழுப்பு. மாடு தின்றால் பால் கசக்கும். ஒரே செடி ஆயிரக்கணக்கில் விதை போடும். அதனால் பூ வைக்கும் முன்னாலேயே பிடுங்கிவிட வேண்டும். வெள்ளைப் பூ அழகாக இருக்கிறதே என்று இரண்டு வாரம் விட்டுவைத்தால், அடுத்த வருஷம் தெருவுக்கே அவர்தான் ஹவுஸ் ஓனர்.

பிடுங்கியதைவிட, பிடுங்காமல் விட்டதுதான் என்னை அசர வைத்தது. கிழக்கு ஓரத்தில் ஒரு கூட்டம் குட்டிச் செடிகள். அப்போதுதான் நாலு இலை விட்டிருந்தது. அக்கா அதைச் சுற்றி வந்த புல்லை மட்டும் சுண்டு விரலால் எடுத்துவிட்டு நகர்ந்துவிட்டார்.

"அக்கா, இது களை இல்லையா?" என்று கேட்டாள் என் மனைவி.

"கனகாம்பரம்மா. போன வருசத்து வெத வெடிச்சு விழுந்து முளைச்சிருக்கு. இதை எதுக்குப் புடுங்கணும்?"

பயிரில் களை எடுப்பதையும், கொலைகாரர்களை அரசன் தண்டிப்பதையும் ஒரே தராசில் வைத்திருக்கிறார் வள்ளுவர். வாஸ்தவம், இது போலீஸ் உத்தியோகம்தான். குற்றவாளியைப் பிடிப்பது பாதி வேலை. நிரபராதியை விட்டுவிடத் தெரிவது மீதிப் பாதி.

அந்த மீதிப் பாதியை அக்கா கற்றுக்கொண்ட காலேஜ் கம்பம் பள்ளத்தாக்கு வயல். 1895-ல் பென்னிகுவிக் கட்டி முடித்த பெரியாறு அணைத் தண்ணியில், கூடலூர் லோயர் கேம்ப்பிலிருந்து பழனிசெட்டிபட்டி வரைக்கும் 14,707 ஏக்கர் இருபோக நெல். நாற்று நட்ட பதினைந்தாம் நாள் ஒரு களை, முப்பதாம் நாளையொட்டி இன்னொரு களை. அங்கே வில்லன் குதிரைவாலிப் புல். நாம் டயட் இருக்கிறேன் பேர்வழி என்று கிலோ கணக்கில் வாங்குகிறோமே, அந்தக் குதிரைவாலியின் காட்டுப் பங்காளி. இளசில் அச்சு அசல் நெல் மாதிரியே நிற்கும். நெல்லாக இருந்தால் இலை தண்டைத் தொடுகிற இடத்தில் மெல்லிசாக ஒரு நாக்கு இருக்கும். இந்தப் புல்லுக்கு நாக்கு கிடையாது. இதை நான் படித்துத் தெரிந்துகொண்டேன். அக்காவிடம் சொன்னதும் சிரித்தார்.

"நாக்கப் பாத்துக்கிட்டு நின்னா பொழுது சாஞ்சுரும் தம்பி. கை பட்டாலே தெரியும்ல?"

கணுக்கால் சேற்றில், முதுகு வில்லாக வளைந்து, வரிசையாகப் பின்னாலிருந்து முன்னால் நகர்ந்துகொண்டே, கதை பேசிக்கொண்டே, கையால் இரண்டையும் பிரிக்கிறார்கள். எனக்கு ஆபீஸில் ஒரே மாதிரி இருக்கும் இரண்டு ஃபைலைப் பிரிக்கவே டீ தேவைப்படுகிறது.

இப்படிப்பட்ட ஸ்பெஷலிஸ்ட்டுகளுக்கு எவ்வளவு கிராக்கி இருக்க வேண்டும்? கிராக்கி இருக்கிறது, கூலிதான் இல்லை. விடிகாலையில் கம்பத்திலோ போடியிலோ பஸ் ஸ்டாண்டுப் பக்கம் போனால் தெரியும். ஏலத்தோட்டத்துக்குப் பெண்களை ஏற்றிக்கொண்டு ஜீப்புகள் குமுளி மலையும் கம்பம் மெட்டும் போடி மெட்டும் ஏறும். கூலி மேலே கூடுதல். அதனால் கீழே வயலில் களைக்கு ஆள் கிடைக்கவில்லை என்று சம்சாரிகள் புலம்புகிறார்கள். ஆள் கிடைக்கவில்லை என்றால் கூலியைக் கூட்டுவதுதானே உலக வழக்கம்? களைக்கு மட்டும் அது 'பொம்பளைக் கூலி'. ஒரே வயலில் வரப்பு வெட்டுகிற ஆணுக்கு ஒரு ரேட், நாள் முழுக்கக் குனிந்திருக்கும் பெண்ணுக்கு அதைவிடக் குறைந்த ரேட். சம வேலைக்குச் சம ஊதியம் என்று 1976-லேயே சட்டம் வந்தாயிற்று. சட்டம் ரொம்ப சாமர்த்தியசாலி, வேலை 'சமம்' இல்லை என்று சொல்லிவிட்டால் வரப்போடு நின்றுவிடுகிறது.

அமெரிக்காவின் கலிபோர்னியாவில் இந்த முதுகு வலிக்காகவே சண்டை நடந்திருக்கிறது. அங்கே குட்டைப் பிடி போட்ட களைக்கொத்தியால் நாள் முழுக்கக் குனிந்தே வெட்ட வேண்டும். முதுகு போய்விடுகிறது என்று தொழிலாளிகள் கோர்ட்டுக்குப் போய், 1975-ல் அந்தக் கொத்திக்கே தடை வாங்கினார்கள். 2004-ல் இன்னும் ஒரு படி. நின்றபடி வேலை செய்யும் நீளப் பிடிக் கருவி செல்லுபடியாகும் இடத்தில், ஆளைக் குனிய வைத்துக் கையால் களை பறிக்க வைக்கக் கூடாது. சில விலக்குகள் உண்டு. ஆனால் விலக்கு உள்ள இடத்திலும் கையுறை, முட்டிக்குப் பட்டை, கூடுதல் ஓய்வு தர வேண்டும். எங்கள் அக்காவிடம் இதைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவில்லை.

"அந்த ஊர்ல முட்டிக்குக்கூட சட்டம் இருக்கா?" என்றார். "நமக்கு முட்டி இருக்கிற வரைக்கும்தேன் அடுப்பு."

சிரித்துக்கொண்டுதான் சொன்னார். எனக்குத்தான் கையிலிருந்த டீ இறங்கவில்லை.

பக்கத்து வீட்டு ஸாருக்கு இந்தக் கவலையெல்லாம் கிடையாது. அக்காவுக்கு நாங்கள் அரை நாளைக்கு நானூறு ரூபாயும் டீயும் வடையும் தந்ததைப் பார்த்துப் பதறிவிட்டார். "புல்லுப் புடுங்க நானூறா? கெடுத்து வெக்கிறீங்க ஸார்! மருந்து அடிச்சா அஞ்சு நிமிஷம்!" முந்தின வாரம்தான் அவர் வீட்டு ஃப்ரிட்ஜைத் திறந்து பார்த்து மூடிவிட்டுப் போன மெக்கானிக்குக்கு அறுநூறு கொடுத்திருந்தார்.

மருந்து விஷயம் அவ்வளவு சுலபம் இல்லை. பலரும் அடிக்கிற கிளைபோசேட்டுக்கு கோரையும் ஒன்று, ரோஜாவும் ஒன்று. பச்சை இலையில் பட்டால் சரி. அது கிளம்பும் காலம் ஆடிக்காத்து வேறு. நம் பாத்தியில் அடித்தால் பக்கத்து வீட்டுக் கறிவேப்பிலையில் விழும். 2015-ல் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு, மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்க வாய்ப்புள்ள பொருட்கள் வரிசையில் அதைச் சேர்த்தது. வேறு சில அமைப்புகள் அப்படியில்லை என்று மறுத்தன. 2022-ல் மத்திய அரசு, பூச்சிக் கட்டுப்பாட்டுத் தொழில் செய்பவர்கள் மூலம்தான் அதைத் தெளிக்க வேண்டும் என்று ஆணை போட்டது. இவ்வளவு வழக்கு உள்ள ஆசாமியை ஆறடிப் பாத்திக்கு எதற்குக் கூப்பிட வேண்டும்?

இதையெல்லாம் நான் விளக்குவதற்குள் என் மனைவி முந்திக்கொண்டாள்.

"அண்ணே, உங்க வீட்டுலயும் பாத்தி இருக்குல்ல? நீங்க ஒரு மணி நேரம் உக்காந்து புடுங்குங்க. நானூறு ரூபா நான் தர்றேன்."

ஸார் ரோஷக்காரர். லுங்கியை மடித்துக் கட்டி உட்கார்ந்துவிட்டார். சரியாகப் பதினோராவது நிமிஷம் எழுந்தார்... எழுந்தார் என்பது மரியாதைக்கு. தூணைப் பிடித்துக்கொண்டு பாதி எழுந்தார். அவர் பிடுங்கிய குவியலில் கோரை இலை இருந்தது, கிழங்கு இல்லை. அவர் சம்சாரம் ஆசையாக விதை போட்டு முளைக்க வைத்த மிளகாய் நாற்று மட்டும் வேரோடு இருந்தது. அப்புறம் அந்த அம்மாள் வெளியே வந்து கேட்டாரே ஒரு கேள்வி... அதுதான் இந்தக் கட்டுரையின் தலைப்பு!

எங்கள் பாத்தி இப்போது மூச்சு விடுகிறது. அக்கா சொன்னபடி செடிகளுக்கு நடுவே காய்ந்த இலையும் தென்னை நார்க்கழிவும் இரண்டு விரற்கடை கனத்துக்குப் பரப்பியிருக்கிறோம். வெளிச்சம் படாவிட்டால் களை விதை பாதிக்கு மேல் தூங்கிக்கொண்டே இருக்கும். பதினைந்து நாளுக்கு ஒருதரம், களை சின்னதாக இருக்கும்போதே அக்கா வந்துவிட்டால் வேலையும் பாதி, முட்டி வலியும் பாதி. கூலி மட்டும் பாதி கிடையாது, அது என் மனைவியின் உத்தரவு. உட்கார்ந்து நகர ஒரு மணைப்பலகை, இரண்டு ஜோடி கையுறை வாங்கி வைத்திருக்கிறோம். கையுறை பார்த்தீனியத்துக்கு மட்டும்தானாம். மற்றதுக்கெல்லாம் போட்டால் கைக்குக் கண் தெரியாதாம்.

மகளுக்கு இந்த வித்தையைச் சொல்லிக் கொடுத்தீர்களா என்று ஒரு நாள் கேட்டேன். "அது காலேசு போகுதுல்ல. நான் குனிஞ்சது அது நிமுந்து நிக்கத்தேன்" என்றார். நியாயமான பதில். ஆனால் அக்காவுக்கு அப்புறம் கனகாம்பரத்தைக் காப்பாற்ற யார் வருவார்கள் என்பதும் நியாயமான கேள்விதான். இந்த வேலைக்குக் கௌரவமான கூலி இருந்தால் பதில் தானாகக் கிடைக்கும்.

பக்கத்து வீட்டு ஸார் மறுநாளே குரலைத் தாழ்த்தி அக்காவின் நம்பரைக் கேட்டு வாங்கிக்கொண்டு போனார். போன் போட்டிருக்கிறார். முதல் போகத்துக் களை ஓடிக்கொண்டிருக்கும் நேரம்.

"ஆளு ஒழியல அண்ணே. அடுத்த வெள்ளிக்கெழம பாப்பம். வாரதுக்கு முந்தின ராவு தண்ணி விட்டு வைங்க. அதுவரைக்கும் நீங்களா ஒண்ணும் புடுங்கிராதீக!"