இறுகிய நட்டு

இன்று பாடத்தைப் பற்றி அன்று, ஒரு நட்டைப் பற்றி எழுதுகிறேன். பொறுத்தருள்க.

தோட்டத்தில் மண்டோராக இருந்த என் தந்தையார் பழையதாக வாங்கிய பி.எஸ்.ஏ. பேண்டம் மோட்டார் சைக்கிள் சித்தியவானில் எங்கள் வீட்டுப் பின்கட்டில் நிற்கிறது. 125 சிசி வண்டி. போருக்குப் பின், ஜெர்மானிய டி.கே.டபிள்யூ. வண்டியின் வடிவமைப்பைத் தழுவி, 1948இல் இங்கிலாந்தில் வெளிவந்தது. பேண்டம் என்றால் குட்டை இனக் கோழி. அப்பா அப்படிச் சொன்னதே இல்லை, 'பி.எஸ்.ஏ.' என்று மரியாதையாகவே அழைப்பார்.

அவர் மறைவுக்குப் பின் துருவேறிக் கிடந்ததை ஆண்டிறுதி விடுமுறையொன்றில் நானே பழுதுபார்த்தேன். முன் பிரேக்கைப் பிடித்தால் கழுத்துப் பகுதியில் 'டக்' என்று ஓசை. கழுத்துக் குழாயின் மேலும் கீழும் இரு கிண்ணங்கள். அவற்றில் உருளும் எஃகுக் குண்டுகள் தளர்ந்துவிட்டன. எதற்கும் ஓர் எண் வேண்டும் என்பது ஆசிரியர் புத்தி. எத்தனை நியூட்டன் மீட்டர் இறுக்குவது என்று தேடினேன். விசையை அளந்து முறுக்கும் ஸ்பேனரும் வாங்கினேன். கிடைத்த எண் ஏதோ புதிய வண்டியின் பூட்டு நட்டுக்கு உரியது. அதைப் பழைய வண்டியின் சரிக்கட்டு நட்டில் வைத்துக் 'கிளிக்' என்னும்வரை முறுக்கினேன். ஓசை நின்றது. பெருமிதம் வேறு!

மறுநாள் மகளைப் பின்னால் அமர்த்திக்கொண்டு ஆயர் தாவார் சாலையில் சென்றேன். வேகம் குறைந்ததும் வண்டி இடமும் வலமுமாக அலைந்தது. திருத்தப் பார்த்தால் கைப்பிடி முதலில் அசைய மறுத்தது. பிறகு தேவைக்கு மேல் திரும்பியது. பின்னால் லாரி. எப்படியோ புல்தரையில் இறக்கி நிறுத்தினேன். மகள் விளையாட்டென்று எண்ணிச் சிரித்தாள். எனக்கு முழங்கால் நடுக்கம் அடங்க நெடுநேரம் ஆயிற்று.

வண்டியை முதிய சீனப் பட்டறைக்காரர் ஒருவரிடம் தள்ளிச் சென்றேன். மிதிவண்டியில் தொழில் தொடங்கியவர். (1924இல் இவ்வூரில் பிறந்த சின் பெங்கின் குடும்பமும் மிதிவண்டிக் கடை நடத்தியதுதான், மிதிவண்டிக் கழுத்திலும் இதே கிண்ணம், இதே குண்டு.) அவர் எஞ்சினுக்கு அடியில் மரப்பெட்டி வைத்து முன்சக்கரத்தைத் தரையிலிருந்து உயர்த்தினார். கைப்பிடியை விரலால் தொட்டால் அது தன் எடையாலேயே ஒரு பக்கம் விழ வேண்டும். விழவில்லை. நடுவில் சிக்கி நின்றது.

கழற்றிக் காட்டினார். கிண்ணத்தில் வரிசையாகச் சிறு குழிகள்! குண்டு கிண்ணத்தைத் தொடுவது ஊசிமுனை அளவு இடத்தில்தான். அளவுக்கு மீறி இறுக்கினால் எஃகும் பள்ளமாகும். நாம் பெரும்பாலும் நேராகவே ஓட்டுவதால் சாலையின் அதிர்ச்சி முழுவதும் அதே இடங்களில் விழுந்து, பள்ளம் மேலும் ஆழமாகும்.

"எத்தனை நியூட்டன் மீட்டர், தவுக்கே?" என்றேன். மலாயில் ஏதோ சொல்லிச் சிரித்துவிட்டு, என் இரு கைகளையும் பிடித்து முன் ஃபோர்க்கின் கீழ்முனைகளில் வைத்தார். முன்னும் பின்னும் ஆட்ட வேண்டும். ஆட்டம் மறையும் அந்தப் புள்ளியில் நட்டை நிறுத்த வேண்டும். பூட்டு நட்டை இறுக்கும்போது அளவு மாறிவிடும். ஆகவே மறுபடியும் சோதிக்க வேண்டும்.

கை அங்கே பட்டதும் நினைவு வந்தது. சிறுவயதில், டிசம்பர் விடுமுறையில், அப்பா இப்படித்தான் என்னைக் குந்த வைப்பார். "ஆடுதாடா?" என்று மேலிருந்து கேட்பார். பந்து விளையாடப் போகும் அவசரத்தில், பார்க்காமலே "ஆடல" என்று சொன்ன நாள்களும் உண்டு. அவர் என் சொல்லை நம்பித்தான் வண்டி ஓட்டியிருப்பார்.

பிள்ளைகளைப் பள்ளிக்கு ஏற்றிவரும் பெற்றோர்களே, உங்கள் கப்சாய் மோட்டாரின் கழுத்தையும் ஒருமுறை இப்படிச் சோதித்துப் பாருங்கள். ஐந்து நிமிட வேலைதான்.

புதிய கிண்ணங்கள் இன்னும் வந்து சேரவில்லை. குண்டுகளை மட்டும் மகள் மண்ணெண்ணெயில் கழுவி, எண்ணி, மங்குக் கோப்பையில் மூடி வைத்திருக்கிறாள்.