பட்டியலில் வராத பெயர்

2024 மார்ச் 17, ஞாயிற்றுக்கிழமை. ஏழாம் நோன்பு. நாங்கள் வசிக்கும் இந்தியானா மாநிலத்தில் அன்று நோன்பு திறக்க இரவு எட்டு மணியை நெருங்கும். மாலையில் என் மகன் தொலைக்காட்சியின் முன் அமர்ந்திருந்தான். அமெரிக்கக் கல்லூரிகளின் தேசியக் கூடைப்பந்துப் போட்டிக்குத் தேர்வான 68 அணிகளின் பெயர்கள் ஒவ்வொன்றாக அறிவிக்கப்பட்டன. அவன் எதிர்பார்த்திருந்த இந்தியானா ஸ்டேட் அணியின் பெயர் இறுதிவரை வரவில்லை.

“28 ஆட்டங்களில் வென்றார்கள், ஆறில்தான் தோற்றார்கள். ஏன் வாப்பா சேர்க்கவில்லை?”

அக்கேள்வி அந்த அணியைப் பற்றியது மட்டுமன்று. குளிர்காலத் தொடக்கத்தில் அவனுடைய பள்ளி அணியின் பட்டியலிலும் அவன் பெயர் இடம்பெறவில்லை. அன்று நான், “பொறுமையாக இரு, எல்லாம் நன்மைக்கே” என்று கூறிக் கடந்துவிட்டேன். அதன்பின் அவன் பந்தைத் தொடவேயில்லை.

இம்முறை இருவரும் அமர்ந்து விடையைத் தேடினோம். 2024இல் 68 இடங்களில் 32, அந்தந்த லீக்கில் பட்டம் வென்றோருக்கு உரியவையாக இருந்தன. எஞ்சிய 36 இடங்களைத் தேர்வுக் குழு நிரப்பியது. இந்தியானா ஸ்டேட் தன் லீக்கின் இறுதியாட்டத்தில் டிரேக் அணியிடம் 84-80 என்று தோற்றதால், குழுவின் முடிவுக்குக் காத்திருக்க நேர்ந்தது. குழுவோ, வலிய அணிகளை வென்ற கணக்கைப் பெரிதாக எண்ணுகிறது. சிறிய லீக்கின் அணிக்கு அத்தகைய ஆட்டங்கள் கிடைப்பதே அரிது. அதனோடு ஆடப் பெரிய கல்லூரிகள் தயங்குகின்றன. வென்றால் பெருமையில்லை, தோற்றால் இழுக்கு. மேலும் அவ்வாண்டு, எவரும் எதிர்பாராத சில அணிகள் தத்தம் லீக்கில் பட்டம் வென்று உள்ளே நுழைந்தன. நார்த் கரோலினா ஸ்டேட் ஐந்து நாள்களில் ஐந்து ஆட்டங்களை வென்று இடம்பெற்றது.

“அப்படியானால் யார் மீதும் தவறில்லையா?”

“அவர்கள் உழைத்துப் பெற்றார்கள். ஆனால் தேர்வு முறையில் குறை இருக்கிறது. அதைக் குறை என்று சொல்வது பொறுமைக்கு மாறானதன்று” என்றேன். குளிர்காலத்திலேயே நான் சொல்லியிருக்க வேண்டிய சொல் அது.

தேசியப் போட்டியில் இடம் கிடைக்காத அணிகளை அழைக்கும் என்.ஐ.டி. என்றொரு போட்டி உண்டு. 1938இல் தொடங்கிய அது, தேசியப் போட்டியைவிட ஓராண்டு மூத்தது. இன்றோ இரண்டாம் நிலையில் வைத்து எண்ணப்படுகிறது. செயின்ட் ஜான்ஸ் உள்ளிட்ட சில அணிகள் அவ்வாண்டு அதில் ஆட மறுத்தன. இந்தியானா ஸ்டேட் மறுக்கவில்லை. டெரி ஹோட் நகரிலுள்ள தன் சொந்த அரங்கில் மூன்று ஆட்டங்களை வென்றது. அரையிறுதியில் யூட்டாவையும் வென்றது. ஏப்ரல் 4 அன்று இந்தியானாபொலிஸில் நடந்த இறுதியாட்டத்தில் எதிரே நின்ற சீட்டன் ஹாலும் தேசியப் போட்டியில் இடம்பெறாத அணியே. 79-77 என்று, இரண்டே புள்ளிகளில் இந்தியானா ஸ்டேட் தோற்றது.

மகன் நெடுநேரம் பேசவில்லை. பிறகு, “சேர்க்காவிட்டாலும் ஏப்ரல் வரை ஆடினார்கள், வாப்பா” என்றான். மறுநாள் அஸருக்குப் பின் வீட்டு வாசலில் பந்து தட்டும் ஓசை கேட்டது.

பட்டியல் எழுதும் அதிகாரம் பிறரிடம் இருக்கலாம். ஆடுவதை நிறுத்தும் முடிவு நம்முடையது. நம் பிள்ளைகளிடம் “பொறுத்துக்கொள்” என்று சொல்லுமுன், என்ன நடந்தது என்பதை அவர்களோடு அமர்ந்து கேட்போமாக.