பாறை ஏறும் பெண்ணைப் பார்த்து வந்தேன்

"அத்தை, ஒரு நாள் லீவு போட்டு உங்களைப் பந்தயம் பார்க்க அழைச்சிட்டுப் போறேன்" என்று மாப்பிள்ளை சொன்னபோது, ஏதோ குதிரைப் பந்தயம் என்றுதான் நினைத்தேன். "குதிரை இல்லேம்மா, ஜீப் மாதிரி வண்டி. பாறை மேலே ஏறும். பொம்பளைங்களும் ஓட்டுவாங்க" என்று மகள் சிரித்தாள். "கல்லு மேலே காரா? யாருக்குப் புத்தி கெட்டுப் போச்சு?" என்றேன் நான்.

இது 2023 பிப்ரவரியில், லாஸ் ஏஞ்சல்ஸ் பக்கம் மகள் வீட்டில் தங்கியிருந்த சமயம். பேத்திக்கு ஒன்றரை வயது. விடிவதற்கு முன்பே எலுமிச்சை சாதம், தயிர் சாதம், உருளைக்கிழங்கு வறுவல் என்று கட்டிக்கொண்டு புறப்பட்டோம்.

புறப்படும்போதே எனக்கும் மகளுக்கும் ஒரு சிறு மனஸ்தாபம். பேத்தியைப் பின்சீட்டில் அதற்கென்று உள்ள குழந்தை நாற்காலியில், முதுகு முன்பக்கம் பார்க்கும்படி திருப்பி உட்கார்த்தி, தோளிலும் இடுப்பிலும் பட்டை போட்டுப் பூட்டினாள். குளிருக்கு நான் ஆசையாகப் போட்டுவிட்ட பஞ்சு கோட்டையும் கழற்றிவிட்டாள். குழந்தை வீறிட்டு அழுதது. "பாவம், என் மடியிலே கொடுடி. நான் உன்னையும் உன் தம்பியையும் மடியிலே வெச்சுத்தானே வளர்த்தேன்?" என்றேன். "முடியாதும்மா" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டாள். எனக்கு முகம் தொங்கிப்போயிற்று. யக்கா வாலி என்ற ஊர் வரும்வரை நான் வாய் திறக்கவில்லை.

யக்கா வாலியில் வடக்கே திரும்பினால் மொஹாவி பாலைவனம் விரிகிறது. பாலைவனம் என்றதும் மணல் மேடும் ஒட்டகமும் நினைவுக்கு வரும். இது அப்படியல்ல. கருகிய மலைகள், ஆங்காங்கே குட்டைப் புதர்கள். ஜோஷுவா மரம் என்று ஒன்று. தாழம்புதரைத் தலையில் வைத்துக்கொண்டு இரண்டு கைகளையும் தூக்கி நிற்பதுபோல் ஒரு விசித்திரம். நாங்கள் போன சாலைக்கு 'ஓல்டு உமன் ஸ்பிரிங்ஸ் ரோடு' என்று பெயர். நம் பாஷையில் கிழவி ஊற்றுச் சாலை! 1850-களில் நிலம் அளக்க வந்தவர்கள், ஓர் ஊற்றங்கரையில் வயதான பழங்குடிப் பெண்களைக் கண்டு அந்தப் பெயரை வைத்தார்கள் என்கிறார்கள். "பார்த்தீங்களா அத்தை, உங்க பேர்லேயே ரோடு" என்று மாப்பிள்ளை சொன்னதும் எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. மனஸ்தாபமும் பாதி கரைந்தது.

ஏரிக்குள் ஓர் ஊர்

ஜான்சன் வாலி என்ற இடத்தில் தார் ரோட்டை விட்டு மண் பாதையில் இறங்கினோம். எதிரே ஒரு வறண்ட ஏரி. அதன் மேல் ஓர் ஊரே முளைத்திருந்தது! நம் பக்கம் திருவிழாவுக்கு ஆற்று மணலில் கடை போடுவார்களே, அந்த மாதிரி. கூடாரங்கள், வீடு போன்ற வண்டிகள், பட்டறைகள், சாப்பாட்டுக் கடைகள். இதற்கு ஹாமர்டவுன் என்று பெயர். பந்தயம் முடிந்ததும் ஊரும் மறைந்து, மறுபடி வெறும் ஏரிதானாம்.

பந்தயத்தின் பெயர் 'கிங் ஆஃப் தி ஹாமர்ஸ்', அதாவது சுத்தியல்களின் ராஜா. சுற்றியுள்ள பாறைப் பாதைகளில் பலவற்றுக்கு ஜாக்ஹாமர், ஸ்லெட்ஜ்ஹாமர், கிளாஹாமர் என்று சுத்தியல் பெயர்கள். 'பேக்டோர்' என்றும் ஒன்று உண்டு, கொல்லைப்புறக் கதவாம்! 2007-ல் விரல்விட்டு எண்ணக்கூடிய சில வண்டிகளோடு ஆரம்பித்த பந்தயம், இன்று உலகமெங்கிலுமிருந்து ஆட்களை இழுக்கிறது. வெட்டவெளியில் புழுதி பறக்க ஓடவும் வேண்டும். வீட்டளவு பாறைகளில் ஊர்ந்து ஏறவும் வேண்டும்.

பாறை ஏறுவதை மட்டுமே வைத்து நடக்கும் போட்டிகளும் தனியே உண்டு. அதில் வேகத்துக்கு மரியாதையே இல்லை. குறுகலாகக் கூம்புகள் நட்டிருப்பார்கள். அவற்றுக்கு நடுவே 10 நிமிடத்துக்குள் ஏற வேண்டும். கூம்பில் இடித்தால் புள்ளி ஏறும், வண்டியைப் பின்னால் எடுத்தாலும் புள்ளி ஏறும். புள்ளி குறைவாக வாங்கியவரே ஜெயித்தவர். ஓட்டுகிறவருக்குத் தன் சக்கரம் தெரியாது, அதனால் 'ஸ்பாட்டர்' என்ற துணையாள் எதிரே நின்று, "இடது பக்கம் கொஞ்சம்... நில்லு... இப்போ வா" என்று கையால் ஜாடை காட்டுவார்.

வண்டியின் சூட்சுமத்தை மாப்பிள்ளை விளக்கினார். நம் காருக்கு டயரில் 30, 35 பவுண்டு காற்று அடைக்கிறோம். பாறை ஏறும்போது 10-க்கும் கீழே இறக்கிவிடுகிறார்கள். காற்றுக் குறைந்த டயர், பிசைந்த சப்பாத்தி மாவு பலகையில் அப்பிக்கொள்வதுபோல் கல்லைக் கவ்விக்கொள்கிறது. சேற்றில் மாட்டிய காரைப் பார்த்திருப்பீர்கள். ஒரு சக்கரம் வீணாகச் சுற்றும், மற்றது சும்மா நிற்கும். இந்த வண்டிகளில் 'லாக்கர்' என்ற பூட்டு, இரண்டு சக்கரத்தையும் சேர்த்தே சுற்ற வைக்கிறது. சக்கரம் ஒரு சுற்று சுற்றுவதற்குள் எஞ்சின் 100 சுற்று சுற்றும்படி பல்சக்கரம் அமைப்பதும் உண்டாம். அவ்வளவு மெதுவாக, அவ்வளவு பலமாக!

இன்னொரு அம்மா

வண்டிகள் வரும் பாறைச் சரிவுக்கு எதிரே மேட்டில் போய் உட்கார்ந்தோம். பக்கத்தில் மடக்கு நாற்காலியில் என் வயதுப் பெண்மணி ஒருத்தி. மடியில் ஒரு கைக்குழந்தை. இரைச்சல் கேட்காமலிருக்க அதன் காதுகளுக்குப் பெரிய மூடி மாட்டியிருந்தார்கள். என் பேத்தி அதையே பார்க்க, அந்தப் பெண்மணியிடம் பேச்சு வளர்ந்தது. எனக்குத் தெரிந்த இங்கிலீஷும் மகளின் உதவியும் போதுமானதாக இருந்தன.

"இது என் பொண்ணோட குழந்தை. என் பொண்ணு வண்டியிலே வந்துகிட்டு இருக்கா" என்றாள்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "குழந்தையை உங்ககிட்டே விட்டுட்டு அவங்க ஓட்டறாங்களா? உங்களுக்குப் பயமில்லையா?"

"பயமில்லாம இருக்குமா? ஆனா இதைவிட, அவ கடைக்குக் கார் ஓட்டிக்கிட்டுப் போறப்போதான் எனக்குப் பயம் அதிகம். இங்கே தலைக்கவசம், தீப்பிடிக்காத உடுப்பு, அஞ்சு இடத்திலே பட்டை, சுத்தி இரும்புக் கூண்டு. ரோட்டிலே யாரு இவ்வளவு ஜாக்கிரதையா இருக்காங்க?"

பேசிக்கொண்டிருக்கும்போதே வண்டி வந்துவிட்டது. புழுதியில் என்ன நிறம் என்றே தெரியவில்லை. முன்சக்கரம் பாறையைத் தொட்டது, ஏறியது, மூக்கு வானத்தைப் பார்த்தது. ஒரு நொடி அப்படியே நின்றது. பிறகு மெதுவாகச் சாய்ந்து, 'டமார்' என்று பக்கவாட்டில் விழுந்தது.

அந்த அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டாள். விரல்கள் சில்லென்றிருந்தன. பாஷை வேறு, தேசம் வேறு. அந்தப் பிடி மட்டும் எனக்கு நன்றாகத் தெரிந்த பிடி. நான் முருகனைக் கூப்பிட்டேன்.

பக்கத்து ஆசனத்திலிருந்த துணையாள் பட்டையை அவிழ்த்துக்கொண்டு வெளியே வந்தார். அது அவளுடைய தம்பியாம். உள்ளேயிருந்து ஒரு கையுறை தெரிந்தது, கட்டைவிரல் உயர்ந்தது. அந்த அம்மா மூச்சை விட்டாள். தம்பி வண்டியின் முன்னாலிருந்த இரும்புக் கயிற்றை இழுத்துக்கொண்டு போய், மேலே ஒரு பாறையில் மாட்டினான். மோட்டார் கயிற்றைச் சுருட்டச் சுருட்ட, வண்டி முனகிக்கொண்டே நிமிர்ந்தது. அவள் அவசரப்படவில்லை. கொஞ்சம் பின்வாங்கி, வேறு கோணத்தில் அங்குலம் அங்குலமாக ஏறி, மேட்டைத் தாண்டி மறைந்தாள். ஜனங்கள் கை தட்டினார்கள். குழந்தையோ தூங்கிப்போயிருந்தது.

சாயங்காலம் அவர்கள் கூடாரத்துக்கு எங்களை அழைத்தார்கள். முப்பது வயதிருக்கும் அந்தப் பெண்ணுக்கு. பல்லைத் தவிர மற்றதெல்லாம் புழுதி. முதலில் முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டுதான் குழந்தையைத் தொட்டாள். "விழுந்தப்போ என்ன நினைச்சீங்க?" என்று கேட்டேன். "எஞ்சினை அணைக்கணும், கையை வெளியே நீட்டக் கூடாது, வேறே எதுவும் நினைக்கல்லே" என்றாள். கூண்டுக்கு வெளியே கை போனால் நசுங்கிவிடுமாம். ஸ்டியரிங்கைப் பிடிக்கும்போதுகூடக் கட்டைவிரலை உள்ளே மடக்கக் கூடாதாம். சக்கரம் கல்லில் மோதினால் ஸ்டியரிங் வெடுக்கென்று திரும்பி விரலை முறித்துவிடும். கழுத்துக்கும் முதுகுக்கும் தினமும் தேகப்பயிற்சி, தலைக்கவசத்துக்குள் குழாய் வழியாக அடிக்கடி தண்ணீர். புறப்படுமுன் ஒவ்வொரு பட்டையையும் தானே இழுத்துப் பார்ப்பாளாம். எனக்கு ஆச்சரியம்! முரட்டு தைரியத்தை எதிர்பார்த்துப் போனேன்; அங்கே கண்டதோ ஒரு நல்ல குடும்பத் தலைவியின் நிதானம்.

ஜெஸ்ஸி கோம்ப்ஸ் என்ற வீராங்கனையைப் பற்றியும் அவள்தான் சொன்னாள். வெல்டிங் முதல் வண்டி கட்டுவது வரை கற்றவர். 2007-ல் முதுகெலும்பில் பலத்த அடிபட்டும் எழுந்து வந்தார். இதே பந்தயத்தில் 2014-லும் 2016-லும் தன் பிரிவில் முதலிடம் பெற்றார். 2019 ஆகஸ்டில், ஆரிகன் மாநிலத்தின் ஆல்வோர்டு பாலைவனத்தில் ஜெட் எஞ்சின் காரை ஓட்டி வேக சாதனைக்கு முயன்றபோது, முன்சக்கரப் பகுதி பழுதாகி விபத்தில் இறந்துபோனார். வயது 39. அந்த ஓட்டத்தின் வேகம் மணிக்கு சுமார் 841 கிலோமீட்டர். அதைப் பெண்களின் உலக சாதனையாக 2020-ல் கின்னஸ் ஏற்றுக்கொண்டது.

"அவங்களும் ஜாக்கிரதையானவங்கதானே?" என்றேன்.

"ஆமா. ஜாக்கிரதை இருந்தாலும் சில சமயம் போயிடும். அதுக்காக ஜாக்கிரதையை விட்டுட முடியுமா?" என்று சொல்லிவிட்டு, குழந்தைக்குக் காலுறையை மாட்டினாள். என்னால் பதில் சொல்ல முடியவில்லை.

திரும்பும் வழியில்

இருட்டிவிட்டது. காருக்கு வந்ததும் பேத்தி வழக்கம்போல் அழ ஆரம்பித்தாள். மகள் என் முகத்தைப் பார்த்தாள், சண்டைக்குத் தயாராக. நானே குழந்தையின் கோட்டைக் கழற்றினேன். "நீ சொல்லிக் கொடு, நான் பூட்டறேன்" என்றேன்.

அவள் சொல்லச் சொல்லச் செய்தேன். பட்டை தோளில் முறுக்கிக்கொள்ளக் கூடாது. இரண்டு விரலால் பட்டையைக் கிள்ளிப் பார்க்க வேண்டும். மடிப்புப் பிடிபட்டால் இன்னும் இறுக்க வேண்டும். மார்பிலுள்ள கொக்கி அக்குள் மட்டத்தில் இருக்க வேண்டும். பஞ்சு கோட்டின் மேல் பட்டை போட்டால், மோதும்போது பஞ்சு அமுங்கிப் பட்டை தளர்ந்துவிடும். அதனால்தான் கோட்டைக் கழற்றிப் பூட்டி, மேலே போர்த்துவது. குழந்தையைப் பின்னோக்கி உட்கார்த்தினால், மோதலின் வேகத்தைக் கழுத்து தாங்காமல் முதுகு முழுவதும் நாற்காலியோடு சேர்ந்து தாங்கும். இரண்டு வயதுவரை பொதுவாக இப்படித்தான் உட்கார வைக்க வேண்டும் என்று 2017 முதல் கலிபோர்னியாவில் சட்டமே இருக்கிறது. கார் திடீரென்று நின்றால், எப்பேர்ப்பட்ட தாயின் கையாலும் மடியிலிருக்கும் குழந்தையைப் பிடித்து நிறுத்த முடியாதாம். இதை எனக்கு முப்பது வருஷம் முன்னால் யாரும் சொல்லவில்லை. என் குழந்தைகள் பிழைத்தது என் கை பலத்தால் அல்ல, கடவுள் புண்ணியத்தால்!

கிழவி ஊற்றுச் சாலையில் கார் ஓடிக்கொண்டிருந்தது. வானம் நிறைய நட்சத்திரம். பேத்தி அழுது ஓய்ந்து தூங்கிவிட்டாள். அவளுடைய பட்டையை இன்னொரு தடவை கிள்ளிப் பார்த்தேன். மடிப்புப் பிடிபடவில்லை.

"சரியா இருக்காம்மா?" என்றாள் மகள், முன்னாலிருந்து திரும்பி.

"சரியா இருக்கு. நீ உன் பெல்ட்டைப் பாரு" என்றேன்.